மைதான ஓரம்: வாங்கில் இருந்து பார்த்த மத்தியகள வீரர்

(வாசகர் கேள்வி பதில். பதிலளிப்பவர்: கல்லடியில் இருந்து ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்)

சென்ற இதழில், உதைபந்தாட்டத்தில் மத்தியகளத்தில் விளையாடியவர்கள் பயிற்றுவிப்பாளராகும்போது என்ன நடக்கிறது என்று எழுதினேன். அதில் கொஸ்டாரிக்காவின் அலெக்சாண்ட்ரே கிமாரேஸ் பெயரைப் போகிறபோக்கில் ஒரு வரியில் சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதம். பாதிப் பேருக்கு அவர் யாரென்றே தெரியவில்லை. மீதிப் பேருக்கு நன்றாகத் தெரியும், அவர்களுக்கு என்னோடு சண்டை. சரி, இந்த முறை பக்கம் முழுக்க அவருக்கே.

சேர், இந்தக் கிமாரேஸ் யார்? கொஸ்டாரிக்கா எங்கே இருக்கிறது? எங்கள் வகுப்பில் யாருக்கும் தெரியவில்லை.
— ஒரு மாணவன், வாழைச்சேனை

உலகப் படத்தில் வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் இணைக்கும் ஒடுங்கிய நிலத்தைப் பார் தம்பி. நிக்கரகுவாவுக்குக் கீழே, பனாமாவுக்கு மேலே. ஒரு பக்கம் பசிபிக், மறுபக்கம் கரீபியன் கடல். அதுதான் கொஸ்டாரிக்கா.

கிமாரேஸ் பிறந்தது அங்கே இல்லை. 1959 நவம்பரில், பிரேசிலின் வடகிழக்குக் கரையில் மசேயோ என்ற நகரத்தில் பிறந்தார். சிறுவயதிலேயே குடும்பத்தோடு கொஸ்டாரிக்காவுக்கு வந்துவிட்டார். அங்கேயே வளர்ந்து, அந்த நாட்டுப் பிரஜையாகி, தலைநகர் சான் ஹோசேயின் சப்ரிசா கழகத்துக்கு மத்தியகளத்தில் விளையாடினார். 1990இல் கொஸ்டாரிக்கா முதன்முதலாக உலகக் கிண்ணத்துக்குப் போனபோது அந்த அணியில் இருந்தார். அப்புறம் 2002, 2006 உலகக் கிண்ணங்களுக்கு அதே நாட்டு அணியைப் பயிற்றுவிப்பாளராகக் கூட்டிப் போனார்.

வீரராக அவர் பெரிய நட்சத்திரம் இல்லை. 1990இல் பிரேசிலுக்கு எதிரான போட்டியில் ஆட்டம் முடியும் தறுவாயில்தான் மாற்று வீரராக இறங்கினார். பிறந்த நாட்டுக்கு எதிராக! அந்தப் போட்டி இத்தாலியின் டியூரின் நகரில் நடந்தது. கொஸ்டாரிக்கா அன்று கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையில் வந்தது. உள்ளூர் யுவென்டஸ் கழகத்தின் நிறமும் அதுதான், அதனால் டியூரின் சனம் நம் பக்கம் கத்தும் என்று பயிற்றுவிப்பாளர் கணக்குப் போட்டார் என்று அப்போது பேசிக்கொண்டார்கள். பிரேசில் 1-0 என்று வென்றது.

2002இல் பிரேசிலிடம் 5 கோல் வாங்கிய ஆளையா பெரிய பயிற்றுவிப்பாளர் என்று எழுதுகிறீர்கள்? 3-2 என்று வந்த பிறகு பின்களத்தை அடைத்திருக்க வேண்டாமா? அதைச் செய்யாமல் முன்னேறி அடித்து நாசமாக்கினார்.
— கடைக்கார வாசகர், காத்தான்குடி

நானா, உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் உங்கள் கணக்கில் ஒரு வரி குறைகிறது. எழுதிப் பார்ப்போம்.

கொரியாவில் அந்தக் குழுவில் நான்கு நாடுகள்: பிரேசில், துருக்கி, சீனா, கொஸ்டாரிக்கா. கொஸ்டாரிக்கா முதலில் சீனாவை 2-0 என்று வென்றது. அடுத்து துருக்கியோடு 1-1. ஆகவே கடைசிப் போட்டிக்குப் போகும்போது கையில் 4 புள்ளி. துருக்கியிடம் 1 புள்ளிதான். ஜூன் 13ஆம் திகதி, ஒரே நேரத்தில், சுவொனில் பிரேசில்-கொஸ்டாரிக்கா, சோலில் துருக்கி-சீனா.

அன்று வியாழக்கிழமை, பாடசாலை நாள். யுத்தநிறுத்தம் வந்து சில மாதம், ஊரில் கொஞ்சம் மூச்சுவிட்டுக்கொண்டிருந்த காலம். எங்கள் நேரத்துக்கு மதியம் பன்னிரண்டரைக்கு ஆட்டம் தொடங்கியது. விளையாட்டுச் சாமான் வைக்கும் அறையில் ஒரு சின்ன ரீவி இருந்தது. அது எப்படி அங்கே வந்தது என்று அதிபர் கேட்கவில்லை. அவரும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

முதல் 13 நிமிடத்துக்குள் பிரேசிலுக்கு இரண்டு கோல். 38இல் எட்மில்சன் தலைகீழாகப் பாய்ந்து மூன்றாவதை அடித்தார். பையன்கள் எழும்பிப் போகப் பார்த்தார்கள். அடுத்த நிமிடமே வன்சோப் ஒன்றைத் திருப்பி அடித்தார். இடைவேளைக்குப் பிறகு 56இல் ரொனால்ட் கோமஸ் தலையால் இன்னொன்று. 3-2.

இப்போது கணக்குக்கு வாருங்கள். அதே நேரத்தில் சோலில் துருக்கி சீனாவை 2-0 என்று முந்தி நிற்கிறது. அந்த இடத்தில் இரண்டு ஆட்டமும் முடிந்திருந்தால் கொஸ்டாரிக்காவுக்கும் துருக்கிக்கும் தலா 4 புள்ளி. கோல் வித்தியாசமும், அதாவது அடித்ததில் வாங்கியதைக் கழித்தால் வருவதும், இருவருக்கும் +1. ஆனால் அடித்த கோல் கொஸ்டாரிக்காவுக்கு 5, துருக்கிக்கு 4. அதாவது தோற்றுக்கொண்டிருந்த கொஸ்டாரிக்கா அந்த ஆறு நிமிடம் இரண்டாம் சுற்றில் இருந்தது! 62இல் ரிவால்டோ அடித்தார், 64இல் ஜூனியர் அடித்தார். கதை முடிந்தது.

அப்படியென்றால் 3-2இல் அடைத்து நின்றிருக்க வேண்டும் என்றுதானே சொல்வீர்கள்? அங்கேதான் நான் அவர் பக்கம். சீனா அந்தச் சுற்றுப்போட்டியில் ஒரு கோலும் அடிக்கவில்லை, துருக்கிக்கு இன்னொரு கோல் எப்போதும் வரலாம். வந்தும் விட்டது, 85இல். அது வந்தால் 3-2 தோல்வி போதாது. சமநிலை எடுத்தால் 5 புள்ளி, அதற்குப் பிறகு சோலில் யார் என்ன அடித்தாலும் கவலை இல்லை. தன் விதியை இன்னொரு மைதானத்தில் விட்டுவிட்டு அரை மணித்தியாலம் காவல் இருப்பதா, ஒரு கோலுக்குப் போவதா? கிமாரேஸ் கோலுக்குப் போனார். ரொனால்டோவும் ரிவால்டோவும் எதிரே நிற்கும்போது அப்படிப் போனால் பின்னால் வெளி விழும். விழுந்தது, தண்டனையும் கிடைத்தது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த உலகக் கிண்ணத்தில் பிரேசில் முதலாம் இடம், துருக்கி மூன்றாம் இடம். இரண்டும் ஒரே குழு. அதில் கோல் வித்தியாசத்தில் வெளியே போனவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

அவருடைய மிகப் பெரிய வெற்றி எது?
— ஏறாவூர்க் கழக வீரர் ஒருவர்

2001 ஜூன் 16, மெக்சிகோ நகர், அஸ்டெக்கா மைதானம். உலகக் கிண்ணத் தகுதிப் போட்டியில் மெக்சிகோ அந்த மைதானத்தில் அதுவரை தோற்றதே இல்லை. கடல் மட்டத்தில் இருந்து 2,200 மீற்றருக்கு மேல் உள்ள இடம். வெளியூர் அணிக்கு இரண்டாம் பாதியில் மூச்சு வாங்கும், கால் பாரமாகும். மெக்சிகோ முதலில் கோல் போட்டது. பிற்பாதியில் ரொலாண்டோ பொன்செக்கா சமப்படுத்தினார். கடைசி நிமிடங்களில் ஹேர்னான் மெட்போர்ட் இரண்டாவதை அடித்தார். 2-1. கொஸ்டாரிக்காவில் அந்த நாளுக்கே 'அஸ்டெக்காசோ' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தத் தகுதிச் சுற்றில் மெக்சிகோவையும் அமெரிக்காவையும் பின்னால் விட்டு 23 புள்ளியோடு முதலிடம் வந்தது கொஸ்டாரிக்காதான்.

ஆனால் எனக்குப் பிடித்த வெற்றி வேறு: 2002இல் சீனாவை வென்றது. சீன அணியின் பயிற்றுவிப்பாளர் போரா மிலுட்டினோவிச். 1990இல் கொஸ்டாரிக்கா அணியைப் பயிற்றுவித்து, இதே கிமாரேஸை மாற்று வீரர்களின் வாங்கில் இருத்தி வைத்தவர் அவர்தான். குருவுக்கும் சீடனுக்கும் போட்டி, சீடன் 2-0.

எனக்கு ஒரே மகன், வயது 16. பாடசாலை அணியில் பெயர் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு போட்டியிலும் வாங்கில்தான் இருக்கிறான். சாதாரண தரப் பரீட்சையும் வருகிறது. பந்தை விடச் சொல்லட்டுமா?
— ஒரு தாய், களுவாஞ்சிக்குடி

தங்கச்சி, பரீட்சைக்கு முந்திய மாதங்களில் பயிற்சியைக் குறைக்கச் சொல்லுங்கள். அதில் எனக்கு வேறு பேச்சில்லை. பந்தையே விடச் சொல்வதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை வையுங்கள்.

வாங்கில் இருக்கும் பிள்ளைகளில் இரண்டு வகை உண்டு. ஒருவன் சப்பாத்துக் கயிற்றைப் பார்த்துக்கொண்டு, என்னை ஏன் இறக்கவில்லை என்று மனதுக்குள் பொருமிக்கொண்டு இருப்பான். மற்றவன் ஆட்டத்தைப் பார்ப்பான். போட்டி முடிந்து வீட்டுக்கு வந்ததும் மகனிடம் கேளுங்கள்: எதிரணியின் இடது பின்கள வீரர் எந்தக் காலால் அடிக்கிறார்? அவர்களில் யார் முதலில் களைத்துப் போனார்? பதில் சொன்னான் என்றால் விடச் சொல்லாதீர்கள். அவன் வாங்கில் வேலை செய்துகொண்டிருக்கிறான்.

நான் கிமாரேஸைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணமே இதுதான். 1990 அணியில் அவருக்கு முன்னால் வேறு மத்தியகள வீரர்கள் இருந்தார்கள். அவர் இருந்தது மிலுட்டினோவிச்சின் பக்கத்தில். ஜெனோவா நகரில் சுவீடனுக்கு எதிரான போட்டியில் கொஸ்டாரிக்கா 1-0 என்று பின்னால் நின்றபோது, இரண்டாம் பாதியில் மெட்போர்ட்டை மாற்று வீரராக இறக்கினார் அந்த மனிதர். எதிரணிப் பின்களம் களைத்திருந்தது, மெட்போர்ட்டின் கால் வேகமானது. 75இல் பிளோரஸ் தலையால் சமப்படுத்தினார். 87இல் மெட்போர்ட் தனியாக ஓடிப் போய் வெற்றிக் கோலை அடித்தார். முதல் உலகக் கிண்ணத்திலேயே அந்தக் குட்டி நாடு இரண்டாம் சுற்றுக்குப் போனது.

பன்னிரண்டு வருடம் கழித்து, துருக்கிக்கு எதிராக 1-0 என்று பின்னால் நிற்கிறது கொஸ்டாரிக்கா. இப்போது கோட்டோரம் நிற்பவர் கிமாரேஸ். வின்ஸ்டன் பார்க்ஸ் என்ற இளம் முன்கள வீரரை வாங்கில் இருந்து எழுப்பி அனுப்புகிறார். 86ஆவது நிமிடத்தில் கோல். இதை அதிர்ஷ்டம் என்று சொல்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. ஆனால் 11 பேரில் ஒருவராக ஓடிக்கொண்டிருப்பவருக்குத் தன் பக்கத்து இருபது யார் தூரம்தான் தெரியும். ஓரத்தில் இருப்பவருக்குத்தான் முழு மைதானமும் தெரியும். அதிலும் அவர் மத்தியகளக்காரர் என்றால் பின்களத்துக்கும் முன்களத்துக்கும் எவ்வளவு இடைவெளி விழுகிறது என்று பார்த்தே பழகியிருப்பார்.

மகனின் மாஸ்டரிடம் போய், ஏன் என் பிள்ளையை இறக்கவில்லை என்று மட்டும் கேட்காதீர்கள். நான் அனுபவப்பட்டவன். அப்படிக் கேட்ட தாய்மாரைக் கண்டால் மைதானத்தின் பின்கதவால் போயிருக்கிறேன்.

2006இல் மூன்று போட்டியும் தோல்வி. பனாமாவிலும் சரிவரவில்லை. இதையெல்லாம் ஏன் எழுதவில்லை?
— கழகச் செயலாளர், கல்முனை

எழுதுகிறேன். 2006இல் ஜேர்மனியோடு 4-2, எக்குவடோரோடு 3-0, போலந்தோடு 2-1. மூன்றும் தோல்விதான், மழுப்ப ஒன்றுமில்லை. மியூனிக்கில் நடந்த தொடக்கப் போட்டியில் வன்சோப் இரண்டு கோல் அடித்ததோடு சரி.

என் அபிப்பிராயம்: 2002 வீரர்களை அவர் அளவுக்கு மிஞ்சி நம்பினார். வன்சோப், கோமஸ், சென்டெனோ, மரின் எல்லாரும் நான்கு வயது கூடி வந்திருந்தார்கள். ஒரு காலத்தில் தன் மானத்தைக் காப்பாற்றிய பையன்களை வெட்டிவிட எந்த மாஸ்டருக்கும் கை வராது. உங்கள் கழகத்திலேயே பாருங்கள். சாந்தங்கேணி மைதானத்தில் முப்பத்தைந்து தாண்டியும் பத்தாம் இலக்கச் சட்டையைக் கழற்றாத ஆட்கள் இல்லையா? பெயர் சொல்ல மாட்டேன்.

பனாமாவை 2006இல் எடுத்தார். 2010 உலகக் கிண்ணத்துக்கான தகுதிச் சுற்றில், 2008இலேயே எல் சல்வடோரிடம் தோற்று வெளியே. அங்கே அவரிடம் இருந்த ஆட்களைப் பார்த்தால், வேறு யார் போயிருந்தாலும் பெரிதாக மாறியிருக்காது என்பது என் எண்ணம். நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள், தெரியும்.

இவர் இந்தியாவுக்கும் வந்தார் என்கிறார்களே, உண்மையா?
— அக்கரைப்பற்று வாசகர்

உண்மை. 2016இல் மும்பை சிட்டி அணிக்கு வந்தார். இந்தியன் சூப்பர் லீக்கில் அதுவரை அரையிறுதியையே காணாத அணி அது. வந்த வருடமே எட்டு அணிகளில் புள்ளிப் பட்டியலின் உச்சிக்குக் கொண்டுபோனார். உருகுவேயின் டியேகோ போர்லான் அந்த அணியில் இருந்தார், சுனில் சேத்ரியும் இருந்தார். ஆனால் அரையிறுதியில் கொல்கத்தாவிடம் தோற்றார்கள். முதல் போட்டி 3-2, இரண்டாவது 0-0. அடுத்த பருவம் பத்து அணிகளில் ஏழாம் இடம். அந்த வருடம் கிண்ணம் சென்னைக்குப் போனதால் நம் பக்கத்தில் யாரும் மும்பைக்காக அழவில்லை.

பிறந்தது ஒரு நாடு, பயிற்றுவிப்பது இன்னொரு நாடு. சொந்த நாட்டுக்காரனுக்குக் கொடுக்கக் கூடாதா அந்த வேலையை?
— செங்கலடி வாசகர்

மட்டக்களப்பில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா ஐயா? வெபர் மைதானம், வெபர் மைதானம் என்று நாளும் சொல்கிறோமே, அந்த வெபர் சுவாமி அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ்காரர். இயேசு சபைத் துறவியாக இங்கே வந்து புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பழக்கினார். அவரை வெளிநாட்டுக்காரர் என்று இந்த ஊரில் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

அப்பா கிமாரேஸ், மகன் போர்ஹெஸ். எப்படி? 2014இல் தண்ட உதை அடித்தது அந்த மகன்தானா?
— ஒரு வாசகி, ஆரையம்பதி

அவர்தான், செல்சோ போர்ஹெஸ். அப்பாவின் முழுப்பெயரில் போர்ஹெஸ், கிமாரேஸ் இரண்டும் உண்டு. பிரேசில் வழக்கப்படி கடைசிப் பெயர் புழக்கத்துக்கு வந்தது. கொஸ்டாரிக்கா வழக்கப்படி முதல் பெயர் பிள்ளைக்குப் போனது. தலைமுறைக்குத் தலைமுறை முதலெழுத்தை மாற்றும் நமக்கு இது ஒன்றும் புதினமில்லை.

செல்சோவும் மத்தியகளம்தான், ஆனால் அப்பாவை விடப் பெரிய வீரர். 2014, 2018, 2022 என்று மூன்று உலகக் கிண்ணங்கள். கொஸ்டாரிக்காவுக்காக அதிக சர்வதேசப் போட்டிகளில் விளையாடியவரும் அவரே. 2014இல் உருகுவே, இத்தாலி, இங்கிலாந்து மூன்றும் இருந்த குழுவில் கொஸ்டாரிக்கா முதலிடம் வந்ததே, நினைவிருக்கிறதா? இரண்டாம் சுற்றில் கிரேக்கத்தோடு ஆட்டம் தண்ட உதைக்குப் போனது. எங்கள் நேரத்துக்கு விடியப்புறம். முதல் உதையை எடுத்தவர் செல்சோ, கோல். கொஸ்டாரிக்கா 5-3 என்று வென்றது. அது நடந்த ரெசிஃபே நகரம், அப்பா பிறந்த மசேயோவுக்குப் பக்கத்து மாநிலம். காலிறுதியில் நெதர்லாந்தோடும் முதல் தண்ட உதை அவருடையதுதான், அதுவும் கோல். ஆனால் மற்றவர்கள் தவறவிட்டார்கள்.

2019இல் அப்பா கொலம்பியாவின் அமெரிக்கா டி காலி அணிக்குப் போய் அந்த வருடமே லீக் பட்டம் வாங்கினார். இரண்டாம் பிரிவுக்கு விழுந்து சில வருடம் கிடந்து எழும்பிய பழம்பெரும் கழகம் அது. அப்புறம் 2024இல் கொஸ்டாரிக்காவின் அலஹுவெலென்ஸ் கழகத்துக்கு வந்தார். சப்ரிசாவுக்கு ஜென்மப் பகை. அங்கே மத்தியகளத்தில் யார் இருந்தது? மகன்! அந்த வருடம் அந்தக் கழகம் மத்திய அமெரிக்கக் கிண்ணத்தை வென்றது. மகனை இறக்கினால் ஊர் பேசும், இறக்காவிட்டால் வீட்டில் சோறு கிடைக்காது. எப்படிச் சமாளித்தாரோ.

இலங்கையை விடச் சின்ன நாடு எப்படி ஆறு தடவை உலகக் கிண்ணத்துக்குப் போனது?
— ஆசிரியர், திருக்கோவில்

நிலப்பரப்பு நம்முடையது 65,610 சதுர கிலோமீற்றர், அவர்களுடையது 51,100. சனத்தொகையோ நம்மில் கால்வாசி அளவுதான். ஆக, ஆள் பற்றாக்குறை என்ற சாட்டு நமக்கு இல்லை.

அங்கே சின்ன ஊர்களிலும் தேவாலயம், பள்ளிக்கூடம், பக்கத்தில் ஒரு பந்து மைதானம் என்றுதான் ஊரே அமைந்திருக்கும். நாட்டின் லீக் போட்டி 1921இல் தொடங்கியது. அந்த முதல் வருடச் சம்பியன் எரேடியானோ கழகம் இன்றைக்கும் முதல் பிரிவில் விளையாடுகிறது. அங்கே விளையாடி முடித்தவன் அங்கேயே பயிற்றுவிப்பாளராகிறான். 1990 அணியின் இன்னொரு மத்தியகள வீரர் ஒஸ்கார் ராமிரெஸ் 2018இல் உலகக் கிண்ணத்துக்கு அணியைக் கூட்டிப் போனார். மெட்போர்ட்டும் தேசிய அணியைப் பயிற்றுவித்தார்.

இங்கே? 2023 ஜனவரியில் பிபா நம் நாட்டு உதைபந்தாட்டச் சம்மேளனத்தையே இடைநிறுத்தியது. ஓகஸ்டில்தான் தடை நீங்கியது. அந்த ஏழு மாதமும் ஏறாவூரிலும் கல்முனையிலும் பையன்கள் பின்னேரத்தில் பந்தடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். குறை எங்கே என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் சேர். உங்கள் பாடசாலையில் வளர்ந்த நல்ல மத்தியகள வீரன் ஒருவன் இப்போது கட்டாரில் சாரதி வேலை பார்ப்பான். அவன் விடுமுறையில் வரும்போது பிடித்து வைத்து, சின்னப் பையன்களுக்கு ஒரு மாதம் பழக்கச் சொல்லுங்கள்.

கிரிக்கெட் கேள்விகளுக்கு எப்போது பதில் சொல்வீர்கள்?
— பாண்டிருப்பு வாசகர்

அதற்கு ஆசிரியர் குழு வேறு ஆள் தேடுகிறது.